தொண்ணூற்று மூன்றாம் பக்கத்துக் கதவு

எங்கள் எழுத்தாளர் வட்டம் நடத்திய நாவல் போட்டியின் தலைமை நடுவர் அபிராவின் நாவலை வாசிக்கவில்லை. வாசிக்காமலே நிராகரித்தார்.

இதைச் சாடைமாடையாகச் சொல்லும்படி இரண்டு பேர் எனக்குப் புத்தி சொன்னார்கள். எனக்கு அது வராது. அவர் வாசிக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்பதைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். அவசரக்காரர் நேரே அங்கே போகலாம்.

மற்றவர்களுக்கு: இந்த ஆண்டு மலருக்கு, புதிதாக எழுத வருகிறவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி என் அனுபவங்களை எழுதித் தரச் சொன்னார்கள். நான் ஏழு மாய நாவல்கள் எழுதியவள். மந்திரவாதிகள், பேசும் கோட்டைகள், இறந்த பிறகும் வழக்காடுகிற அரசர்கள் எல்லாம் அவற்றில் உண்டு. போன வருடம் நிறுத்திவிட்டேன். மணிக்கட்டில் நோவு. அதைவிட, எட்டாவது நாவலில் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. எழுத்தாளருக்கு ஓய்வு கிடையாது என்று மேடையில் சொல்வார்கள். எனக்குக் கிடைத்திருக்கிறது. மத்தியானத்தில் படுக்கிறேன்.

அந்த ஏழு நாவல்களும் ஒரு வீடியோ கேமில் இருந்து வந்தவை. இதை நான் இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. ஏன் எழுதவில்லை என்பதும் வருகிறது. அதுதான் இந்தக் கட்டுரையின் அசிங்கமான பகுதி.

எனக்குப் பதினொரு வயதில் யாழ்ப்பாணத்தில் இருந்து இங்கே வந்து சேர்ந்தோம். ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பகுதியில், ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடி, இரண்டு அறை. எங்கள் குடும்பம் ஒரு அறை, சித்தப்பா குடும்பம் ஒரு அறை. ஒருநாள் யாரோ வீடு மாறும்போது குப்பை போடுகிற இடத்தில் ஒரு கேம் பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சித்தப்பா தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு கொன்ட்ரோலர், ஒரு கசற். கேம் இருக்கிற பிளாஸ்ரிக் கட்டையை நாங்கள் கசற் என்றுதான் சொன்னோம்.

சுடுகிற கேம் என்றால் நான் நாவலாசிரியை ஆகியிருக்க மாட்டேன். இது கதைக் கேம். ஒரு வீரன் ஊர் ஊராக நடப்பான். எதிரே வருகிறவர்கள் அவனோடு பேசுவார்கள். பேச்சு திரையின் அடியில் ஒரு பெட்டிக்குள் எழுத்தாக வரும். எழுத்து முடிந்ததும் ஒரு சின்ன அம்புக்குறி மினுங்கும். பொத்தானை அமத்தினால் அடுத்த வசனம் வரும், முன்னையது போய்விடும். எல்லாம் ஆங்கிலம்.

அண்ணாவுக்குப் பதின்மூன்று வயது. கொன்ட்ரோலர் அவன் கையில். சித்தப்பாவின் பெடியன்கள் இரண்டு பேரும் அவனுக்கு இரண்டு பக்கத்திலும். நான் பின்னால் அகராதியோடு. நால்வரில் எனக்குத்தான் ஆங்கிலம் கொஞ்சம் பிடிபட்டிருந்தது. ஆகவே நான்தான் வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். கேமை நான் ஒருநாளும் விளையாடியதில்லை. சொன்னது மட்டும்தான்.

"என்ன சொல்லுறான்?"

"பொறு."

"என்னண்டு பொறுக்கிறது? கெதியாச் சொல்லடி!"

"பாத்துக்கொண்டிருக்கிறன்."

"இவளுக்குத் தெரியாது அண்ணை, நீ அமத்து."

இதுதான் என் முதல் தொழில் நெருக்கடி. தெரியாது என்று சொன்னால் அண்ணா பொத்தானை அமத்திவிடுவான். வசனம் போய்விடும். பிறகு எந்தக் குகைக்குப் போவது என்று ஒருவருக்கும் தெரியாது, பழி என் தலையில் விழும். அதோடு என்னிடம் இருந்த அகராதியில் ஆங்கில 'ரி' (T) எழுத்துக்குப் பிறகு பக்கங்கள் இல்லை. யாரோ கிழித்திருந்தார்கள். நீங்கள் மாயக் கதை எழுதுகிறவர்கள், யோசித்துப் பாருங்கள். விஸார்ட், விச், வொரியர், வெப்பன், வோர், வேர்ல்ட். ஒரு மாய உலகத்தில் பாதி டபிள்யூவில்தான் இருக்கிறது. அந்தப் பாதியை நான் தயாரித்தேன்.

முதல் விஸார்ட், அதாவது மந்திரவாதி, வந்தபோது அவன் நீண்ட அங்கியோடும் கையில் ஒரு தடியோடும் பாதை ஓரத்தில் நின்றான். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பிள்ளைகளை வீதி கடத்திவிட ஒரு மனிசி அப்படித்தான் நிற்பார். செம்மஞ்சள் அங்கி, கையில் தடி, தடி நுனியில் ஒரு தட்டு.

"உவன் ஆர்?" என்றான் அண்ணா.

"வீதி கடத்திவிடுகிறவன்."

ஒருவரும் மறுக்கவில்லை. மூன்று ஊர் தாண்டி அதே மாதிரி ஒருவன் வந்து நெருப்பு உருண்டை எறிந்தான்.

"வீதி கடத்திறவன் எண்டனி. இவன் என்ன நெருப்பு எறியிறான்?"

"கோவம் வந்தா எறிவினம்."

"அப்ப முதல் வந்தவன் ஏன் எறியேல்லை?"

"அவனுக்குக் கோவம் வரேல்லை."

அன்று பின்னேரம் ஒரு கொப்பி எடுத்தேன். நான் சொன்ன பொய்களை எல்லாம் அதில் எழுதத் தொடங்கினேன். யார் யார், எப்போது கோபம் வரும், யாரைக் கடத்திவிடுவார்கள், யாரைக் கடத்த மாட்டார்கள். அண்ணாவுக்கு ஞாபகசக்தி அதிகம். அவனிடம் பிடிபடாமல் இருப்பதற்காகத்தான் எழுதினேன். கதை புனைவதில் உள்ள பயிற்சி இவ்வளவுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அம்புக்குறி மினுங்கும்போது ஏதாவது சொல்ல வேண்டும். சொன்னதை நினைவில் வைத்திருக்க வேண்டும். உங்களில் பலர் முதலாவதைச் செய்கிறீர்கள். இரண்டாவதைச் செய்வதில்லை. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பறக்கிற கழுதை முப்பதாம் அத்தியாயத்தில் ஆற்றைக் கடக்க ஓடம் தேடுகிறது. கேட்டால் கற்பனை என்கிறீர்கள். என் அண்ணாவுக்கு முன்னால் நீங்கள் ஒரு பின்னேரம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டீர்கள்.

என் முதல் நாவலில் வருகிற 'கடத்திவிடுவோர்' குலம் அந்தக் கொப்பியில் இருந்து வந்தது. அது எங்களை இங்கே கூட்டி வந்த ஏஜென்சிக்காரரின் குறியீடு என்று ஒரு விமர்சகர் எழுதினார். பள்ளிக்கூடத்தடியில் நின்ற மனிசி அவர். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார்.

அடுத்தது, நான் விட்ட பிழைகளில் மிகப் பெரியது. கேமில் ஒவ்வொரு ஊரிலும் ஒரு கிழவர் இருப்பார். அவரோடு கதைத்தால் வீரனிடம் ஒரு கேள்வி கேட்பார். கீழே ஓம், இல்லை என்று இரண்டு பதில் வரும். அந்தக் கேள்வியில் 'சேவ்' என்ற சொல் இருந்தது. எஸ் எழுத்துப் பக்கங்கள் என்னிடம் இருந்தன. பார்த்தேன். காப்பாற்று.

"காப்பாத்தப் போறியா எண்டு கேக்கிறார்."

"ஆரை?"

நான் கொஞ்சம் யோசித்தேன். "ஊரை."

"ஓம் எண்டு அமத்து," என்றான் சித்தப்பாவின் மூத்த மகன். வேறு என்ன சொல்வது? ஒரு கிழவர் வந்து ஊரைக் காப்பாற்றப் போகிறாயா என்று கேட்டால், அதுவும் நாங்கள் வந்த இடத்தில் இருந்து வந்த பிள்ளைகளிடம் கேட்டால், இல்லை என்று யார் சொல்வார்கள்? ஊர் ஊராகப் போய்க் காப்பாற்றினோம்.

பிறகு ஒரு ஊர் வந்தது. நல்லதில்லாத ஊர். கதவைத் தட்டினால் எல்லோரும் வீரனைப் போகச் சொல்லித் திட்டினார்கள். திட்டுகளை நான் இன்னும் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். கடைசியில் கிழவர் வந்து கேட்டார்.

"உவங்களை ஏன் காப்பாத்துவான்?" என்றான் இளையவன்.

"பாவமடா," என்றேன்.

"என்ன பாவம்? தண்ணிகூடத் தரேல்லை."

வாக்கெடுப்பு நடந்தது. மூன்றுக்கு ஒன்று. அண்ணா 'இல்லை' என்று அமத்தினான். அம்மா கோயிலுக்கு வெளிக்கிடச் சொன்னார். ரீவியை நிப்பாட்டிவிட்டுப் போனோம்.

அடுத்தநாள் போட்டால் வீரன் முந்தின ஊரில் நின்றான். வாள் இல்லை. கேடயம் இல்லை. நாங்கள் வென்ற இரண்டு குகையும் வெல்லாத குகைகளாக இருந்தன.

அண்ணா சொன்னான்: "காப்பாத்தாமல் விட்டதுக்கு."

மறுக்க என்ன இருக்கிறது? நடந்ததும் அதுதானே. அதற்குப் பிறகு எங்களைக் கல்லால் எறிந்த ஊரையும் காப்பாற்றினோம்.

ஒரு வருடம் கழித்துப் பள்ளிக்கூடக் கணினி அறையில் ரீச்சர் எங்கள் பின்னால் நடந்துகொண்டே "சேவ், சேவ்" என்று கத்தினார். நான் தட்டச்சுச் செய்திருந்தது மேப்பிள் மரத்தைப் பற்றி ஐந்து வரி. அதை எதில் இருந்து காப்பாற்றுவது என்று யோசித்தேன். பிறகு விளங்கியது: எழுதியதைப் பதிந்து வைக்கச் சொல்கிறார், கிழவரும் எங்களிடம் அதைத்தான் கேட்டிருக்கிறார். வீட்டுக்குப் போய் நான் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணாவும் எங்கேயோ அறிந்திருப்பான். அவனும் எனக்குச் சொல்லவில்லை.

பிழையான மொழிபெயர்ப்பு உடனே உடைந்துவிட்டால் திருத்திவிடலாம். பிழையாக இருந்துகொண்டே வேலை செய்கிற மொழிபெயர்ப்பை ஒருவராலும் திருத்த முடியாது. அப்படி ஒன்று உங்களுக்குக் கிடைத்தால் திருத்த வேண்டாம், அதை எழுதுங்கள். என் இரண்டாவது நாவலில் சத்திரத்துக் கிழவர் வழிப்போக்கரிடம் கேட்கிற கேள்வி அதுதான். இல்லை என்று சொல்கிறவனுக்கு நேற்று மறுபடி விடியும். என் புத்தகங்களில் அதிகம் பேர் வாசித்தது அதைத்தான்.

அந்த நாவல் முதலில் ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில், மீன்கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவில் அந்த அலுவலகம் இருந்தது. ஆசிரியர் எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தவர் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் சொல்லித் தந்தது ஒரு விஷயம்தான். அதுவும் அரிசி விளம்பரத்தால் நடந்தது.

ஒரு வியாழக்கிழமை கூப்பிட்டார். நான் பல் செற் செய்கிற லாபில் வேலை முடிந்து நேரே போனேன். பக்கத்தை விரித்து வைத்திருந்தார்.

"பிள்ளை, கடைசி நேரத்தில அரிசிக்காரன் விளம்பரம் தந்திட்டான். பதினெட்டு வரி வெட்டு."

"எப்ப?"

"இப்ப. பத்து நிமிசத்தில அச்சுக்குப் போகுது."

"எந்தப் பதினெட்டு?"

"எனக்கென்ன தெரியும்? நீர்தானே எழுதினீர்." பிறகு விரலால் ஒரு இடத்தைத் தொட்டார். "உந்தக் கதவு என்ன? பச்சைக் கதவு எண்டு ஆறு வரி எழுதியிருக்கிறீர். அங்கால என்ன இருக்கு?"

"ஒண்டும் இல்லை. மாளிகைச் சுவரில இருக்கு. அழகுக்கு."

"திறக்குமோ?"

"திறக்காது."

"அப்ப அது சுவர். வெட்டு."

எனக்கு முகம் எரிந்தது. அவர் சொன்னதற்காக இல்லை. அந்தக் கேமில் நாங்கள் மிகவும் வெறுத்தது திறக்காத கதவுகளைத்தான். படம் கீறிய கதவுகள். அண்ணா வீரனைக் கொண்டுபோய் ஒவ்வொரு கதவிலும் முட்டுவான். டொக், டொக் என்று சத்தம் மட்டும் வரும். "கள்ளர்," என்பான். கேம் செய்தவர்களைச் சொல்வான். அப்படி ஏமாந்து வளர்ந்த நான் அதையே வாசகருக்குச் செய்துகொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் அந்த அத்தியாயத்தில் இருந்த மூன்று கதவையும் ஒரு ஏணியையும் வெட்டினேன். சரியாகப் பதினெட்டு வரி வந்தது. ஆசிரியர் எண்ணிப் பார்த்துவிட்டு, "அரிசிக்காரனுக்கு நன்றி சொல்லும்," என்றார். அவ்வளவுதான் பாராட்டு.

அன்றில் இருந்து, அங்கால என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாத கதவை நான் எழுதியதில்லை. உங்கள் கைப்பிரதிகளை வாசிக்கும்போதும் முதலில் கதவுகளைத்தான் பார்க்கிறேன்.

இனி அசிங்கமான பகுதி.

மூன்றாவது நாவல் வந்தபோது ஒரு தமிழ் வானொலியில் நேரடிப் பேட்டி. பேட்டி கண்டவரின் குரல் நல்ல குரல். "உங்கள் கற்பனையின் ஊற்று எது?" என்று கேட்டார். நான் கேம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்தேன். பக்தியோடு இருந்தது. இரண்டு வினாடி வானொலியில் சத்தமே இல்லை. வானொலியில் இரண்டு வினாடி என்பது நீளமான நேரம். அம்புக்குறி மினுங்கியது. ஏதாவது சொல்ல வேண்டும்.

"அப்பப்பா சொன்ன கதைகள்," என்றேன்.

"ஆகா," என்றார்.

என் அப்பப்பா, அப்பாவின் அப்பா, சங்கக்கடை என்கிற கூட்டுறவுக் கடைக்கு மனேஜராக இருந்தவர். கதை பிடிக்காது. பேச்சே பிடிக்காது. அவர் என்னிடம் சொன்ன மிக நீண்ட வசனம் "செருப்பை வெளியில கழட்டிப்போட்டு வா" என்பது.

அண்ணா மார்க்கம் நகரில் வேலைக்குப் போகும் வழியில் காரில் அதைக் கேட்டிருக்கிறான். நான் ஸ்ரூடியோவில் இருந்து வெளியே வரவும் போன் வந்தது.

"எந்த அப்பப்பா?"

"சும்மா சொன்னனான்."

"எங்களுக்கு ஒரு அப்பப்பாதானே. அந்தாளோ கதை சொன்னது?"

"வாயில வந்திட்டுது அண்ணா."

"அப்ப நான்?"

போனை வைத்துவிட்டான். முட்டாத கதவு ஒன்றும் மிச்சமில்லாமல் மூன்று வருடம் வீரனை நடத்தியவன் அவன். "கெதியாச் சொல்லடி" என்று அவன் கத்தாவிட்டால் எனக்கு ஒரு வசனமும் வந்திருக்காது. அவன் பெயர் என் ஏழு புத்தகங்களில் ஒன்றிலும் இல்லை.

பொய் சொன்னதைக் கொப்பியில் எழுதி வைக்க வேண்டும் என்று பதினொரு வயதில் தெரிந்தவள் அல்லவா? இந்தப் பொய்யையும் ஒழுங்காகக் காப்பாற்றினேன். அடுத்தடுத்த பேட்டிகளில் அப்பப்பாவுக்கு ஒரு சாய்மனைக் கதிரை வந்தது. ஒரு மழைக்காலமும் வந்தது. ஒருமுறை அவர் பாட்டும் பாடினார்.

இப்போது அபிரா.

அபிராவுக்கு இருபத்தாறு வயது. இங்கே பிறந்தவள், ரூஜ் பகுதியில் வளர்ந்தவள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த தமிழில் ஒரு முழு நாவல் எழுதியிருக்கிறாள். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அவளுக்குப் பாதி நேரம்தான் எடுத்திருக்கும். எங்கள் வட்டத்தில் இங்கே பிறந்து தமிழில் நாவல் எழுதியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ண அதிக நேரம் எடுக்கவில்லை.

கதை ஒரு நகர வாசற்காவலனைப் பற்றியது. யார் வந்தாலும் அவன் ஒரே வசனத்தைத்தான் சொல்வான்: "இன்று நல்ல வெயில்." மழை பெய்தாலும் அதுதான். நகரம் எரிந்தாலும் அதுதான். கேம் விளையாடியவர்களுக்கு இவனைத் தெரியும். எல்லாக் கேமிலும் வாசலில் இப்படி ஒருவன் நிற்பான். தமிழ் வகுப்புக்குப் போகிற வழியில், காரின் பின்சீற்றில், கையடக்கக் கேமில் இவனைப் பார்த்துப் பார்த்துத்தான் வளர்ந்ததாக முன்னுரையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறாள். காவலனுக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. அது சுவரில் கீறிய கதவு என்று ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தில் அவன் அதைத் திறக்கிறான். அந்தப் பக்கத்தை வாசித்தபோது நான் எழுந்து போய்க் குசினியில் கொஞ்ச நேரம் நின்றேன். முப்பத்தைந்து வருடமாக நாங்கள் நால்வரும் முட்டிக்கொண்டிருந்த கதவு.

போட்டியின் கடைசிச் சுற்றுக்கு வந்தது இந்த நாவல் மட்டும்தான். நடுவர்கள் மூன்று பேர், நானும் ஒருத்தி. ஓம் என்றால் வட்டம் அதைப் புத்தகமாகப் போடும். இல்லை என்றால் இந்த வருடம் புத்தகம் இல்லை. தலைமை நடுவர், வட்டத்தின் தலைவரும் அவர்தான், தன் அறிக்கையைக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தார். அதில் இப்படி இருந்தது: எங்கள் மூத்த எழுத்தாளர் தம் அப்பப்பாவிடம் கேட்ட மரபுக் கதைகளில் இருந்து எழுதினார். இந்த இளம் எழுத்தாளரோ விளையாட்டுப் பெட்டியில் இருந்து எழுதுகிறார். பெட்டியில் இருந்து வருவது இலக்கியம் ஆகாது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெருமையோடு பார்த்தார்கள். மறுபடி அந்த இரண்டு வினாடி. "அது பொய், அப்பப்பா சங்கக்கடை மனேஜர்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "எனக்கு உடன்பாடில்லை." அவ்வளவுதான். இரண்டுக்கு ஒன்று. இல்லை என்று அமத்திவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அபிரா என் வீட்டுக்கு வந்தாள். கையில் அறிக்கையின் பிரதி.

"அன்ரி, ஒண்டு கேக்கலாமா? உங்கட அப்பப்பா உண்மையா கதை சொன்னவரா?"

"இல்லை."

"வட்?"

"சங்கக்கடையில இருந்தவர். கதைக்க மாட்டார்."

"அப்ப ஸ்ரோரி எல்லாம் எங்கையிருந்து?"

"கேம்."

தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தாள். "ஆர் யூ சீரியஸ்? அன்ரி, அந்த இன்ரர்வியூவை நான் மூண்டு தரம் கேட்டனான். எனக்கு ஆரும் கதை சொல்லேல்லை, எனக்குக் கேம் மட்டும்தான் தெரியும், நான் தமிழில எழுதலாமா எண்டு ரெண்டு வருசம் பயந்து பயந்து எழுதினனான்."

"பிழை விட்டிட்டன்."

"இட்ஸ் நொட் எ ரைப்போ, அன்ரி."

உண்மை. எழுத்துப் பிழை இல்லை. பிறகு, அடுத்த கூட்டத்துக்கு வந்து கைப்பிரதியைத் திருப்பி எடுப்பதாகச் சொன்னாள்.

"இனி இங்லிஷில எழுதுறன். அங்க ஆரும் என்ர அப்பப்பாவைக் கேக்க மாட்டினம்."

"இங்லிஷிலயும் கேப்பினம்," என்றேன். "வேற மாதிரிக் கேப்பினம்."

"அதை அங்க பாப்பம்," என்றாள். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது, கடைசியில் சொல்கிறேன் என்றதைச் சொல்கிறேன். நடுவர்களுக்குக் கொடுத்த பிரதிகளை வட்டத்தின் செயலாளர் நூலகத்தில் நகல் எடுத்தார். எடுக்கும்போது ஒரு தவறு நடந்தது. அறுபத்தொன்று முதல் எண்பது வரையான பக்கங்கள் இரண்டு தடவை வந்துவிட்டன. எண்பத்தொன்று முதல் நூறு வரை இல்லை. மூன்று பிரதியிலும் இதே பிழை. செயலாளரே ஒப்புக்கொண்டார். நான் எண்பதாம் பக்கத்தைத் தாண்டி மறுபடி அறுபத்தொன்றுக்கு வந்ததும் அபிராவுக்குப் போன் எடுத்தேன். விடுபட்ட இருபது பக்கத்தையும் மின்னஞ்சலில் அனுப்பினாள். அவளிடம் அந்தப் பக்கங்களைக் கேட்டது நான் ஒருத்திதான்.

மூன்றாவது நடுவரிடம் கேட்டேன். "வாசிக்கேல்லைப் பிள்ளை. மகளின்ர கலியாணம். தலைவர் சொன்ன பக்கம் கையைத் தூக்கினனான்," என்றார். வெட்கப்பட்டார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை.

தலைமை நடுவரின் அறிக்கையில் இரண்டாவது வரி இது: 'கதையோட்டம் எவ்விதத் தடங்கலும் இன்றிச் செல்கிறது.' இருபது பக்கம் திரும்ப வருகிறது. இருபது பக்கம் இல்லவே இல்லை. அவருக்குத் தடங்கல் இல்லை.

நான் அவருக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, உங்கட பிரதியில எல்லாப் பக்கமும் இருந்ததோ?"

"எல்லாம் இருந்தது தங்கச்சி."

"அந்தக் கதவு எப்பிடி?"

"எந்தக் கதவு?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

"தங்கச்சி, நான் ஒரு படைப்பை முழுமையாப் பாக்கிறனான். கதவு யன்னல் எண்டு பாக்கிறேல்லை."

"வாசிச்சனீங்களோ?"

"நாற்பது வருசமா இலக்கியத்தில இருக்கிறன்," என்று சொல்லி வைத்துவிட்டார். நான் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

மலராசிரியர் இந்தக் கட்டுரையை வெட்டாமல் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கும் தலைவருக்கும் ஏதோ பழைய கோபமாம். அது எனக்குத் தேவையில்லை. இடம் போதாவிட்டால் மேலே எங்கேயாவது பதினெட்டு வரியை வெட்டுங்கள். இதற்குக் கீழே கை வைக்க வேண்டாம்.

தலைவர் அண்ணை, அடுத்த கூட்டத்தில் முதலில் நான் எழும்புவேன். அப்பப்பா கதை பொய் என்று சொல்வேன். சாய்மனைக் கதிரையும் பொய், மழைக்காலமும் பொய், பாட்டும் பொய். என் நாவல்கள் குப்பையில் எடுத்த ஒரு பெட்டிக்குள் இருந்தும் என் அண்ணாவின் வாயில் இருந்தும் வந்தவை. உங்கள் அறிக்கையில் என் பெயரால் எழுதிய வரியை நீங்கள் நீக்க வேண்டும்.

பிறகு உங்கள் முறை. தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தில் காவலன் கதவைத் திறக்கிறான். அங்கால என்ன இருக்கிறது? வாசித்தவருக்கு ஒரு வசனம் போதும். வாசிக்காவிட்டால் ஒரு சொல் போதும், மூன்றாவது நடுவர் அதைச் சொல்லிவிட்டு இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். போனில் சொல்ல வேண்டாம். எனக்குத் தனியாகவும் சொல்ல வேண்டாம். மைக்கைப் பிடித்து, அபிரா இருக்கிற பக்கம் பார்த்துச் சொல்லுங்கள். அவள் கைப்பிரதியை எடுத்துக்கொண்டு போவதற்கு முன் சொல்லுங்கள்.

முன்வரிசையில் என் அண்ணா இருப்பான், வரச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று என்னைத்தான் கேட்பான். அவனுக்குப் பொறுமை இல்லை. கெதியாகச் சொல்லுங்கள்.